தலையில்லாத நத்தைகள்

பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய நாத்தனார் அவர்களுக்கு,

உங்கள் அண்ணனின் மனைவி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அணை கட்டும் இடத்தில், மலைக்காற்றும் மாதச் சம்பளமுமாக இருக்கும் உங்களுக்கும் ஒரு குறையும் இருக்காது என்று நம்புகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது உதவி கேட்டு எழுதும் கடிதம் அல்ல. நாம் இரண்டு பேரும் சேர்ந்து நடத்திய எம்பிராய்டரிக் கடையை, பள்ளிக்கூடச் சட்டைகள் மலையாகக் குவிந்து கிடந்த நேரத்தில் அப்படியே போட்டுவிட்டு நீங்கள் வேலைக்குக் கிளம்பினீர்கள். "நீ இல்லன்னா கடை ஒண்ணும் கவுந்துடாது" என்று அன்றைக்கு நான் சொன்னேன். கவிழவில்லை. நன்றாக ஓடுகிறது. கம்ப்யூட்டர்தான் ஓட மாட்டேன் என்கிறது. அதை வாங்கி வைத்தவர் நீங்கள் என்பதால் ஒரு தகவலுக்காகத் தெரிவிக்கிறேன், அவ்வளவுதான்.

காலையில் ஒழுங்காக எழுந்திருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மவுஸைத் தள்ளினால் அம்பு நகராது. பிறகு திரை முழுக்க நீலமாகும். வாயில் நுழையாத எழுத்துகளைக் கொட்டும். தானாக அணைந்து, தானாக எழுந்து, ஒன்றுமே நடக்காதது போல என்னைப் பார்க்கும். சண்டை போட்ட மறுநாள் காலையில் உங்கள் அண்ணனும் இப்படித்தான் பார்ப்பார்.

இதற்கு நடுவில் ஒரு ஆர்டர். நாற்பது வயது தாண்டிய பெண்கள் சிலர் சேர்ந்து கால்பந்துக் குழு ஆரம்பித்திருக்கிறார்கள். தங்களுக்கு 'நத்தைகள்' என்று அவர்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு சட்டையிலும் நெஞ்சில் ஒரு நத்தை வேண்டுமாம். நம் மெஷின் பழையது; கம்ப்யூட்டர் சொல்லச் சொல்லத்தான் தைக்கும். ஓடு முடிந்து கழுத்து ஆரம்பிக்கிற இடத்தில் சொல்லி வைத்தாற்போல் கம்ப்யூட்டர் மயங்கி விழுகிறது. ஆக, இப்போது கடையில் தொங்குபவை எல்லாம் தலையில்லாத நத்தைகள். குழுத் தலைவி ஒரு பல் டாக்டர். வந்து பார்த்துவிட்டு, "நாங்க ஆடுற ஆட்டத்துக்கு இது பொருத்தம்தான். ஆனா எதிர் டீம் கண்டுபிடிச்சிருமே" என்றார். மார்ச் கடைசி ஞாயிறு அவர்களுக்கு முதல் ஆட்டம்.

தெருமுனைக் கம்ப்யூட்டர் கடைக்காரரை, நாம் 'மாத்துங்க' என்று பட்டம் வைத்தோமே, அவரைக் கூப்பிட்டேன். வழக்கம்போல "மாத்துங்க" என்றார். "எதைங்க?" என்றேன். "எல்லாத்தையும்" என்றார். உங்கள் அண்ணன் பஸ் ஓட்டுகிறவர் அல்லவா, பக்கவாட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டி, "வண்டின்னா தட்டினா கேக்கும்" என்றார். ஒரு நத்தையின் கழுத்து வரைக்கும் கேட்டது.

பதில் எழுத வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி

(எழுதுவதாக இருந்தால் கொஞ்சம் புரிகிற மாதிரி எழுதவும்.)


பிப்ரவரி 16

மாண்புமிகு அண்ணியார் அவர்களின் மேலான கவனத்துக்கு,

தங்கள் 'தகவல்' கிடைத்தது. நீங்கள் என்னை 'நீங்கள்' என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறந்ததிலிருந்து யாரும் எனக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை. கூடாரத்தில் என்னோடு இருக்கும் நர்ஸிடம் காட்டினேன். "உங்க அண்ணி உன் மேல ரொம்பக் கோவமா இருக்காங்க போல" என்றாள். மருத்துவம் படித்தவள், நாடி பார்க்காமலே கண்டுபிடித்துவிட்டாள்.

இங்கே போன் எடுக்காது. இரண்டு மலைக்கு நடுவில் பள்ளத்தில் இருக்கிறோம். விபத்து நடந்தால் பேச ஆபீஸில் ஒரு போன் உண்டு. நத்தைக்குத் தலை போனதையெல்லாம் அதில் விபத்தாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தபால் வண்டி வரும்போதுதான் வெளியுலகம். அதனால் நிதானமாகப் படியுங்கள்.

படிப்பதற்கு முன்னால் நானும் ஒரு தகவல் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினபோது நீங்கள் மெஷினை நிறுத்தவில்லை. அந்தச் சத்தம் தெருமுனை வரைக்கும் என் பின்னாலேயே வந்தது. சரி, அது போகட்டும்.

கம்ப்யூட்டருக்கு உடம்பு ஒன்று, புத்தி ஒன்று. உடம்பு கெட்டிருந்தால் மாத்துங்க சொல்வது சரி. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் கெட்டது புத்தி என்று தோன்றுகிறது. ஆபரேட்டிங் சிஸ்டம் என்பார்களே, அது. இத்தனை வருஷமாக நான் எதை எதையோ அதில் ஏற்றினேன், இறக்கினேன், பாதியில் விட்டேன். அது குழம்பிப் போயிருக்கிறது. ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டிருந்தால் ஆயுசு போய்விடும். மொத்தமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

பயப்படாதீர்கள். கடிதத்தோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். புது சிஸ்டம் அதற்குள் இருக்கிறது. ஆனால் அதைச் சொருகுவதற்கு முன்னால், நம் டிசைன்களை முடிந்தவரை வெளியே நகல் எடுத்துவிடுங்கள். கம்ப்யூட்டர் நிற்கிற வரைக்கும் கொஞ்சம், மறுபடி எழுந்தால் இன்னும் கொஞ்சம். அப்புறம் பென்டிரைவைச் சொருகிவிட்டு, பொத்தானை அழுத்தினவுடனே மேல்வரிசையில் F12 என்று இருக்கும் சாவியைத் தட்டிக்கொண்டே இருங்கள். ஒரு தடவை இல்லை, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி. பென்டிரைவிலிருந்து எழுந்திருக்கட்டுமா என்று கேட்கும். சரி சொல்லுங்கள். பிறகு அது கேட்பதைப் படித்துப் படித்து மேலே போங்கள்.

நான் இங்கே நன்றாக இருக்கிறேன். விடியும்போது முக்காலியில் அளவுக் கருவியை மாட்டிக்கொண்டு மலை முகட்டில் நிற்பேன். அணையின் சுவர் எங்கே வர வேண்டுமோ அந்தக் கோட்டை நான்தான் பிடித்துக் கொடுக்கிறேன். கீழே முந்நூறு பேர் நான் சொல்கிற இடத்தில் கான்கிரீட் கொட்டுகிறார்கள். நீங்கள் கேட்கவில்லை, ஒரு தகவலுக்காகத்தான்.

அண்ணனைக் கம்ப்யூட்டர் பக்கம் விடாதீர்கள்.

தங்கள்
நாத்தனார்


பிப்ரவரி 23

அன்புள்ள நாத்தனாருக்கு,

பென்டிரைவ் வந்தது. 'மொத்தமாக அழித்துவிட்டு' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். எழுதுகிறவளுக்கென்ன, அழிக்கிறவளுக்கு அல்லவா தெரியும் அந்தப் பாடு.

நகல் எடுத்த கதையைக் கேளுங்கள். எழும், நாலைந்து டிசைன் போகும், விழும். மறுபடி எழும், இரண்டு போகும், விழும். குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி. உங்கள் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று உற்சாகப்படுத்தினார். இத்தனை செய்தும் பாதி தேறவில்லை. நத்தை வெளியே வந்துவிட்டது. முதன்முதலாக நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வரைந்தோமே அந்த மீன்கொத்தி, அது வரவில்லை. இலை வரிசைகள் வரவில்லை. பள்ளிக்கூடச் சின்னங்களில் ஒன்றுகூட வரவில்லை.

நேற்று அதுவும் நின்று போனது. எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டது. சரி, வருவது வரட்டும் என்று பென்டிரைவைச் சொருகினேன். நீ சொன்ன மாதிரியே அந்த F12-ஐத் தட்டினேன். கதவு திறந்தது! எனக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். மொழி கேட்டது, சொன்னேன். நிபந்தனைக்கு ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டது, ஒப்புக்கொண்டேன். கல்யாணத்தின்போதுகூட நான் இவ்வளவு சீக்கிரம் தலையாட்டவில்லை.

அதற்குப் பிறகுதான் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. இரண்டு வரி காட்டுகிறது. 'டிஸ்க் 0', 'டிஸ்க் 1'. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. எதில் போடட்டும் என்று கேட்கிறது. ஒன்றில் பழைய சிஸ்டம் இருக்கிறது, ஒன்றில் நம் டிசைன்கள் இருக்கின்றன. எது எதில்? பெயர் எழுதியிருக்கவில்லை. தப்பாகத் தொட்டால் மீன்கொத்தி போய்விடும்.

உன் பதில் வருகிற வரைக்கும் நான் எதையும் தொடப் போவதில்லை. அணைக்கவும் மாட்டேன். அணைத்தால் என்ன ஆகுமோ. திரை அப்படியே கேள்வியோடு நிற்கிறது. கீபோர்டின் மேல் பாத்திரத் தட்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், பூனைகூட மிதிக்க முடியாது. வாசலில் 'உள்ளே வேலை நடக்கிறது, கதவை அறையாதீர்கள்' என்று எழுதி ஒட்டியாயிற்று. "வேலை எங்க நடக்குது, அதுதான் நிக்குதே" என்கிறார் உங்கள் அண்ணன். அந்த அறையில் தும்மக் கூடாது என்று அவருக்குச் சொல்லியிருக்கிறேன்.

சீக்கிரம் எழுது. எழுதுங்கள்.

அண்ணி


மார்ச் 5

வாலு,

உன் பதில் வரவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பும்போதே நான் வாசலுக்குப் போய்விடுகிறேன். நேற்று அவரே, "அம்மா, நான் வேணா எழுதிக் குடுக்கட்டா?" என்றார்.

திரை இத்தனை நாளும் அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டு அப்படியே நின்றது. வீட்டில் எல்லோரும் நுனிக்காலில் நடந்தோம். பல் டாக்டரம்மா வந்தார். அவரும் கிசுகிசுவென்று பேசினார். "இது என்ன, ஐ.சி.யூ.வா?" என்று கேட்டுவிட்டு, தட்டைத் தூக்கிப் பார்த்து, "பல்லுன்னா எந்தப் பல்லுன்னு நான் சொல்லிடுவேன். இது எனக்குத் தெரியலையே" என்று போய்விட்டார். மேட்ச் நெருங்கிக்கொண்டே வருகிறது.

இன்று காலை கரண்ட் போனது.

அப்படியே கறுப்பாகிவிட்டது. நான் போட்ட சத்தத்தில் உன் அண்ணன் சோப்பு நுரையோடு வெளியே ஓடி வந்தார். தட்டைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போச்சு, எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன். அவர் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. குடித்த வேகத்தில் எனக்கு அழுகை போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் பைத்தியம் பிடித்த மாதிரி சிரித்தோம்.

கரண்ட் வந்தது. சொருகியது சொருகியபடியே இருந்தது. அழுத்தினேன், தட்டினேன். அதே கதவு, அதே நிபந்தனை, அதே இரண்டு வரி. ஒன்றுமே ஆகவில்லை! இத்தனை நாள் நான் காவல் காத்தது யாரை?

எனக்கு வந்ததே கோபம். அந்தத் திரையின் மேல் இல்லை. வேலை தெரிந்தவள் நான், ஆயிரம் சட்டைக்கு ஊசி பிடித்தவள், ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல மலையிலிருந்து ஆள் வர வேண்டுமா? நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்த இரண்டு வரியையும் நன்றாக, எழுத்து எழுத்தாகப் படித்தேன். அவசரத்தில் முதல் நாள் படிக்காததெல்லாம் அதில் இருந்தது. படித்து முடித்துவிட்டு, "சின்னதை அழிக்கப் போறேன்" என்றேன்.

"நிச்சயமா தெரியுமா?" என்றார் உன் அண்ணன்.

"தெரியும்."

"அப்ப சரி. அமுக்கு" என்றார்.

அமுக்கினேன். சின்னதை அழித்துவிட்டேன், வாலு. இப்போது ஏதோ நூற்றுக்கு முப்பத்தைந்து என்று ஓடுகிறது. தபால் பெட்டி திறக்கிற நேரமாகிவிட்டது, இதை இப்படியே போட்டுவிடுகிறேன். என்ன காரணத்துக்குச் சின்னது என்று, பிழைத்தால் எழுதுகிறேன்.

அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

பாதையில் மண் சரிந்து தபால் வண்டி கீழேயே நின்றுவிட்டது. இன்றுதான் வழி திறந்தார்கள். உங்கள் இருபத்து மூன்றாம் தேதிக் கடிதம் இன்றுதான் கையில் கிடைத்தது. வண்டிக்காரர் திரும்புவதற்குள் எழுதுகிறேன், கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெரியதை அழியுங்கள். பெரிய டிஸ்கில்தான் பழைய சிஸ்டம் இருக்கிறது. சின்னதைத் தொட்டுவிடாதீர்கள், நம் டிசைன்கள் அத்தனையும் அதில்தான் இருக்கின்றன. நான்தான் அப்படிப் பிரித்து வைத்தேன், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெரியது, அண்ணி. பெரியது.

அப்புறம், அந்தத் திரையை நீங்கள் அணைத்திருக்கலாம். ஒன்றும் ஆகியிருக்காது. இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது, நீங்கள் தட்டைக் கவிழ்த்துக் காவல் இருப்பதை நினைத்தால். ஆனால் அந்தக் காவலில் ஒரு நன்மை உண்டு. கால் மணி நேரம் தாங்காமல் விழுந்த கம்ப்யூட்டர் ஒரு நாள் முழுக்க அந்தத் திரையில் விழாமல் நின்றது என்றால், அதன் உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. கெட்டது பழைய சிஸ்டம்தான். 'மாத்துங்க'விடம் சொல்லுங்கள், எதையும் மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. சிஸ்டம் ஏறி முதல் தடவை அணைந்து எழும்போது பென்டிரைவைப் பிடுங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

உங்கள் கடிதத்தை நர்ஸிடம் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. நான் மட்டும் ஒரு சொல்லைத் தாண்டவில்லை. மீன்கொத்தி என்று எழுதியிருந்தீர்கள். மூக்கு நீளமா குட்டையா என்று அன்றைக்கு நாம் போட்ட சண்டையில் சாப்பாடுகூட ஆறிப் போனது.

அண்ணி, நான் வந்துவிடுகிறேன். நீங்கள் அங்கே தனியாகத் திண்டாட நான் இங்கே மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பது சரியில்லை. சீஃப் இன்ஜினியரிடம் பேசி வேலையை விட்டுவிடுகிறேன். அந்த அம்மா கடுகடுப்பானவர், ஆனால் நியாயமானவர். நான் வரும்வரை அவசரப்பட்டு எதையும் செய்துவிடாதீர்கள்.

உங்கள் வாலு


மார்ச் 12

அடி வாலு,

உன் கடிதம் இன்று வந்தது. மண்ணைச் சரித்துவிட்ட அந்த மலைக்குக் கோடி கும்பிடு!

உன் கடிதம் சரியான நேரத்துக்கு வந்திருந்தால் நீ சொன்ன பேச்சைக் கேட்டுப் பெரியதை அழித்திருப்பேன். அழித்திருந்தால் மீன்கொத்தியும் இல்லை, இலையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. நீ போன பிறகு டிசைன் வைத்திருந்த டிஸ்க் கரகரவென்று கத்த ஆரம்பித்தது. மாத்துங்க வந்து "மாத்துங்க" என்றார். அந்த ஒரு தடவை அவர் சொன்னது சரி. இருக்கிறதிலேயே பெரிதாக ஒன்றைப் போட்டு, டிசைன்களை எல்லாம் அதற்கு மாற்றிக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்றாயே, அதுதான் வினை. கண்ணைத் திறந்து பார்த்தவள் நான்.

டிஸ்கை மாற்றியது எனக்கே மறந்து போயிருந்தது. நான் பிடித்தது வேறு வழியில். ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று சின்னதாக எழுதியிருந்தது. பெரியதில் முக்கால்வாசி காலி. சின்னதில் கையகலம்கூட இல்லை. இந்த ஒரு மாதமாகக் கம்ப்யூட்டர் விழுவதற்கு முன்னால், சிஸ்டம் இருக்கும் இடம் நிரம்பிவிட்டது, நிரம்பிவிட்டது என்று ஒரு மஞ்சள் எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருந்தது. டிசைனைச் சேமிக்கும்போது ஒரு நாளும் இடமில்லை என்று அது சொன்னதில்லை. அப்படியானால் நிரம்பி வழிகிற சின்னதுதானே சிஸ்டம்? அலமாரியில் எந்தத் தட்டு பிதுங்குகிறது என்று பார்த்தால் எதில் யார் துணி என்று தெரியாதா. அவ்வளவுதான்.

பென்டிரைவைப் பிடுங்கச் சொன்ன விஷயமும் தாமதம்தான். நான் பிடுங்கவில்லை. நூற்றுக்கு நூறு ஆனது, அணைந்தது, எழுந்தது, மறுபடி மொழி என்ன என்று கேட்டது. மரியாதையாகப் பதில் சொன்னேன். மறுபடி நூறு, மறுபடி மொழி. மூன்றாவது தடவை உன் அண்ணன், "இது நம்ம சர்குலர் பஸ் மாதிரி இருக்கு. கடைசி ஸ்டாப்பே கிடையாது. டிரைவரை இறக்கினாத்தான் நிக்கும்" என்று சொல்லி பென்டிரைவைப் பிடுங்கிவிட்டார். நின்றது! வாழ்க்கையில் முதல் தடவையாகக் கம்ப்யூட்டர் விஷயத்தில் அவர் சொன்னது பலித்தது. இன்று வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பிறகு எம்பிராய்டரி சாஃப்ட்வேரைப் போட்டேன். மெஷினை அடையாளம் தெரியவில்லை என்றது. அதோடு வந்த சிடியை அட்டைப்பெட்டிக்குள் தேடி எடுத்துப் போட்டதும் தெரிந்துகொண்டது. பெரிய டிஸ்கைத் திறந்தேன். எல்லாம் இருந்தன, வாலு. வரிசையாக. மீன்கொத்தியைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். மூக்கு நீளம்தான் சரி. அன்றைக்கும் இன்றைக்கும் நான் அதைத்தான் சொல்கிறேன்.

முதல் நத்தையை ஓட விட்டேன். ஓடு முடிந்தது. கழுத்து வந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன், உன் அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். தலை வந்தது. கொம்பு வந்தது. இரண்டு கொம்பு! கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். அதற்குப் பிறகு இந்த ஒரு வாரமாக ஒரு தடவைகூட அது விழவில்லை. தலையில்லாதவற்றுக்கும் தலை வைத்தாயிற்று, மிஞ்சிய சட்டைகளும் முடிந்துவிட்டன.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, உனக்கு மூளை இருக்கிறதா? யார் திண்டாடினது? நானா? முந்நூறு பேர் உன் கோட்டைப் பார்த்து நிற்கிறார்கள் என்று அந்த முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். 'தகவலுக்காக' என்று. அந்த வரியை நான் எத்தனை பேரிடம் படித்துக் காட்டினேன் தெரியுமா? தபால்காரருக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. சட்டைக் காலரில் பூப்போட உன்னைத் திருப்பிக் கூப்பிட்டேன் என்று ஊரார் என்னைச் சொல்ல வேண்டுமா?

நீ கிளம்பின அன்றைக்கு மெஷினை நிறுத்தவில்லை என்று எழுதியிருந்தாய். நீ படியிறங்கும்போது என் கண்ணாடி மங்கிப் போயிருந்தது. அன்றைக்குத் தைத்த சட்டையில் பள்ளிச் சின்னம் அக்குள் வரைக்கும் போய்விட்டது. வேறென்ன சொல்ல.

கடையைப் பார்க்க நான் இருக்கிறேன். நீ அணையைக் கட்டு. மேட்சுக்கு மட்டும் லீவு போட்டுக்கொண்டு வா. லீவு, புரிந்ததா? ராஜினாமா அல்ல.

உன் அண்ணி


மார்ச் 19

என் அண்ணிக்கு,

உங்கள் ஐந்தாம் தேதிக் கடிதமும் பன்னிரண்டாம் தேதிக் கடிதமும் தனித்தனியாக வந்தன. நடுவில் இருந்த நாட்களை எப்படித் தள்ளினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

'சின்னதை அழித்துவிட்டேன்' என்ற இடத்தை விரல் வைத்துத் திரும்பப் படித்தேன். மீன்கொத்தி போனது, எல்லாம் போனது என்று அப்படியே கூடாரத்து வாசலில் உட்கார்ந்தேன். உங்கள் மேல் கோபம் வரவில்லை, பக்கத்தில் இல்லாமல் போனோமே என்றுதான் இருந்தது. நர்ஸ் ஏதோ மாத்திரை கொடுத்தாள். விழுங்கிய பிறகு, "அது வயித்துக்கு" என்றாள்.

நேராகப் போய் ராஜினாமாக் கடிதத்தைச் சீஃப் மேஜையில் வைத்தேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "என்ன ஆச்சு?" என்றார். "எங்க அண்ணி சின்ன டிஸ்கை அழிச்சுட்டாங்க மேடம்" என்றேன். இந்தப் பணியிடத்தில் இதுவரை யாரும் இப்படி ஒரு காரணம் சொன்னதில்லையாம். "கிழக்குச் சுவருக்குக் கோடு பிடிச்சுக் குடுத்துட்டு, அப்புறம் போ" என்றார். நானும் தினம் மலையேறினேன். அழுதுகொண்டே அளந்தாலும் அளவு சரியாகத்தான் வந்தது. பெட்டியையும் கட்டி வைத்துவிட்டேன்.

இன்று மதியம் தபால் வண்டி வந்தது. முகட்டிலிருந்து இறங்கி வந்து, வண்டிக்குப் பக்கத்திலேயே நின்று பிரித்தேன். 'மண்ணைச் சரித்துவிட்ட அந்த மலைக்குக் கோடி கும்பிடு' என்று படித்தவுடன் என்ன நடந்தது என்று எனக்கே சரியாக நினைவில்லை. நர்ஸைத் தூக்கிச் சுற்றியதாக அவள் சொல்கிறாள். சமையல்காரர் என்னமோ ஏதோ என்று கரண்டியோடு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னதும், "அப்ப ரெண்டு கொம்பும் வந்துருச்சா?" என்று கேட்டார். உங்கள் நத்தையை இங்கே எல்லோருக்கும் தெரியும்.

மூச்சு வாங்கச் சீஃபிடம் ஓடினேன். ராஜினாமாக் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். "எந்த லெட்டர்?" என்றார். மேஜையில் அவருடைய டீ கிளாஸுக்கு அடியில் நாலாக மடிந்து கிடந்தது. அதன் மேல் வட்டம் வட்டமாகக் கறை. பிரித்தே பார்க்கவில்லை! "கிழக்குச் சுவர் அளவு மில்லிமீட்டர் பிசகாம வந்திருக்கு. போற ஆள் இப்படியா அளப்பா? நீ போக மாட்டேன்னு அப்பவே தெரியும்" என்று சொல்லிவிட்டு, லீவு விண்ணப்பத்தை அவரே எடுத்து நீட்டினார்.

அண்ணி, உண்மையைச் சொல்லட்டுமா? பெட்டியைக் கட்டும்போது எனக்கு இந்த மலையை விட்டு வரவே மனமில்லை. அதை எப்படி உங்களிடம் எழுதுவது என்றுதான் தவித்துக்கொண்டிருந்தேன். எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

காலியிடத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தீர்களே, அது எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது கூடாரத்தில் எல்லோரும் எனக்குப் புதுப் பெயர் வைத்துவிட்டார்கள்: 'பெரியது'. நான் எதைச் சொன்னாலும், "பெரியது சொல்றா, சின்னதைச் செய்" என்கிறார்கள்.

மேட்சுக்கு முதல் நாள், சனிக்கிழமை கிளம்புகிறேன். ஞாயிறு காலை அங்கே இருப்பேன். மூக்கு குட்டைதான் சரி.

உங்கள் வாலு


மார்ச் 23

வாலு,

இது உனக்குச் சனிக்கிழமைக்கு முன்னால் கிடைக்க வேண்டுமே என்று தபால்காரரிடம் சொன்னேன். "அந்த முகட்டுப் பொண்ணுக்கா? முதல் வண்டியிலயே ஏத்திடுறேன்" என்று கையிலேயே வாங்கிக்கொண்டார். அதனால் சுருக்கமாக.

பல் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரும் அவ்வப்போது நீலமாகிறதாம். நேற்றுப் போய்ப் புது சிஸ்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். முதல் தடவையே பென்டிரைவைப் பிடுங்கிவிட்டேன். பதிலுக்கு எனக்கு ஒரு பல் சொத்தை என்று கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்.

மாத்துங்க வந்தார். கம்ப்யூட்டரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கடைசியில், "நாற்காலியை மாத்துங்க" என்றார். நான் சிரித்தேன். அவர் தெருவைத் தாண்டுவதற்குள் உன் அண்ணன் அதில் உட்கார்ந்து தரைக்கு வந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. புது நாற்காலி வந்துவிட்டது.

வரும்போது மூன்று விஷயம் தெரிந்துகொண்டு வா. மூக்கு நீளம்தான். உன் கட்டிலில் நூல்கண்டு இருக்கிறது, எடுத்துவிடுகிறேன். கம்ப்யூட்டரை நீ தொடக் கூடாது. ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் என்னிடம் கேள், நான் காட்டுகிறேன்.

நத்தைகளின் கோல்கீப்பருக்கு முட்டி வீங்கிவிட்டது. வேறு ஆள் இல்லை. எப்படியும் பகல் முழுக்க ஊசிக்கு முன்னால் கை நீட்டி நிற்கிறவள்தானே, பந்துக்கு முன்னால் நிற்க மாட்டாயா என்று என்னை நிற்கச் சொல்லிவிட்டார்கள். சட்டை நானே தைத்துக்கொண்டேன். இரண்டு நாளாக உன் அண்ணன் தெருவில் பந்தை உதைத்து எனக்குப் பயிற்சி கொடுக்கிறார். ஒன்பது தடவை விட்டேன், ஒரு தடவை பிடித்தேன். அந்த ஒரு தடவையை அவர் டிப்போ முழுக்கச் சொல்லியாயிற்று.

வீட்டுக்கு வராதே, பூட்டியிருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கினதும் பெட்டியோடு மைதானத்துக்கு ஓடி வந்துவிடு. வலைக்குப் பின்னால் வந்து நில். பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று எனக்குச் சொல்லாதே, நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கத்து, போதும். தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்து.

அண்ணி